வெள்ளி தீர்ந்தது, கல்வி தீரவில்லை
(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போரில் தோற்று, கருவூலம் வறண்டு, கடன் சுமந்து நிற்கும் நாடு முதற்கண் செய்யத்தக்கது யாது? படை திரட்டுவதா? வரியைக் கூட்டுவதா? செருமனியின் கீழைப் பகுதியாகிய சாக்சனி, இவ்வினாவுக்கு வேறொரு விடை தந்தது. ஏழாண்டுப் போர் 1763-இல் முடிந்தபோது அந்நாடு பாழ்பட்டுக் கிடந்தது. இரண்டே ஆண்டுகளில், 1765-இல், பிரைபர்கு நகரில் அஃது ஒரு கல்விக்கூடத்தைத் திறந்தது. சுரங்கம் அகழ்தல், கனிமம் ஆய்தல், மாழை உருக்குதல் ஆகியவற்றைக் கற்பிப்பதே அதன் நோக்கம். ஓப்பல், ஐனிட்சு என்னும் சுரங்கத்துறை அலுவலர் இருவர் அதனை வகுத்தனர். இன்றும் இயங்கிவரும் சுரங்கப் பல்கலைக்கழகங்களுள் மிகப் பழையதென அது போற்றப்படுகின்றது.

அவ்விடத்தில் வெள்ளி கண்டது 1168-இல். ஏறத்தாழ 600 ஆண்டுகள் தந்தை மகனுக்குக் கைவழியே காட்டிய தொழில் அது. ஆழம் கூடக்கூட நீர் ஊறிற்று, செலவு ஏறிற்று. கைப்பழக்கம் மட்டும் போதாதாயிற்று. கணக்கும் வேதியியலும் துணைவர வேண்டியதாயிற்று.

1775-இல் வெர்னர் என்னும் இளைஞர் அங்கு ஆசிரியரானார். 1817-இல் மறையும் வரை, 42 ஆண்டுகள் அவர் கற்பித்தார். ஓராண்டு முன்னரே, 1774-இல், கனிமங்களைப் புறக்குறிகளால் அறியும் முறையை அவர் நூலாக்கியிருந்தார். அந்நூலை அவர் இலத்தீனில் எழுதவில்லை. தம் தாய்மொழியாகிய செருமானியத்தில் எழுதினார். இது சிறு செய்தியன்று. 1556-இல் வெளிவந்த அகிரிகோலாவின் புகழ்பெற்ற சுரங்க நூல் இலத்தீனில் அமைந்தது. சுரங்கத் தொழிலாளர் நாவில் இயல்பாக வழங்கிய சொற்களுக்கு அவர் இலத்தீன் சொற்களைப் புதிதாகப் படைக்க நேர்ந்தது. இறுதியில் வென்றது எது? தொழிலாளர் சொல்லே! குவார்ட்சு, நைசு ஆகியன அச்சுரங்கக்காரர் பேச்சிலிருந்து உலக அறிவியலுக்குள் புகுந்தவை. வெள்ளிக் கனிமம்போல் தோன்றி, வெள்ளி தராமல் நச்சுப் புகை கக்கிய கல்லை அவர்கள் குட்டிப்பேயின் பெயரால் வைதனர். அவ்வசவே இன்று கோபால்ட்டு என்னும் தனிமத்தின் பெயர்.

வெர்னரிடம் பயிலப் பன்னாட்டு மாணவரும் வந்தனர். அம்போல்ட்டு 1791-இல் வந்தார்; பாவலர் நோவாலிசு 1797-இல் வந்தார். மெக்சிகோவில் 1792-இல் தொடங்கிய சுரங்கக் கல்லூரியின் தலைவர் எல்குயாரும் பிரைபர்கில் பயின்றவரே.

அக்கூடம் உலகிற்கு இரு தனிமங்களை ஈந்தது. 1863-இல் இரைக்கு என்னும் பேராசிரியர் துத்தநாகக் கனிமத்தை ஆய்ந்தார். அவருக்கோ நிறம் பிரித்தறியும் கண் இல்லை. ஆதலின் துணைவர் இரிக்டரை நிறமாலையைப் பார்க்கச் செய்தார். எவரும் முன்பு காணாத அவுரிநீலக் கோடு தெரிந்தது, அதுவே இந்தியம். நம் கைப்பேசித் திரைகளில் இன்று அது பயன்படுகின்றது. அடுத்து 1886-இல் விங்க்ளர், அருகிலிருந்த சுரங்கத்துப் புதுக் கனிமமொன்றைப் பகுத்தார். கூட்டிப் பார்க்க, நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது. எத்தனை முறை பகுத்தும் அதே குறை! பிழையென்று அவர் கைவிடவில்லை, மாதக்கணக்கில் தேடினார். மெண்டெலீவு 1871-இல் முன்னறிவித்த தனிமம் அகப்பட்டது. தம் நாட்டின் பெயரால் அதற்குச் செருமானியம் எனப் பெயரிட்டார். 1947-இல் முதல் திரிதடையம் அதைக் கொண்டே அமைந்தது.

1969-இல் பிரைபர்கில் சுரங்கத்தொழில் நின்றது. ஆயினும் பல்கலைக்கழகம் நின்றுவிடவில்லை. வெள்ளிச் சுரங்கமொன்று இன்று மாணவர்க்குப் பாடக்கூடமாக விளங்குகின்றது. மண்ணுக்குள் இருப்பது எடுக்க எடுக்கக் குறையும். மாந்தர்க்குள் இருப்பது கொடுக்கக் கொடுக்க வளரும். தோற்ற நாடு இதனை உணர்ந்து பள்ளி கண்டது. தொழிலாளர் சொல்லை இழித்துத் தள்ளாது நூலேற்றியது. இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்போர் தத்தம் கடமையைத் தாமே உணர்வர்.