வாயில்லா ஜீவனின் முறையீடு

 



மதீனாவில் அன்சாரித் தோழர் ஒருவரின் தோட்டத்திற்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் சென்றார்கள். அங்கே நின்ற ஓர் ஒட்டகம் அவர்களைக் கண்டதும் தேம்பியது. அதன் கண்களில் நீர் வடிந்தது. நாயகம் அருகில் சென்று அதன் காதின் பின்புறத்தைத் தடவிக் கொடுத்தார்கள். அது அமைதியடைந்தது. அதன் பிறகே, இதன் உரிமையாளர் யார் என்று விசாரித்தார்கள். முன்வந்த அன்சாரி இளைஞரிடம், அல்லாஹ் உன் பொறுப்பில் தந்த பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா, நீ பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக இது என்னிடம் முறையிடுகிறதே என்று கண்டித்தார்கள். அபூதாவூதில் பதிவான செய்தி இது.

இதிலுள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆறுதல், பிறகு விசாரணை. வேதனையில் இருக்கும் உயிருக்கு நியாயம் மட்டும் போதாது. அருகில் வந்து தடவிக்கொடுக்க ஒரு கையும் வேண்டும். இந்த உண்மையை நம் காலத்தில் ஒரு முஸ்லிம் நாடு காலம் கடந்து கற்றுக்கொண்ட வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1985ஆம் ஆண்டு இலங்கை அரசு பாகிஸ்தானுக்கு ஒரு யானைக் குட்டியை அன்பளிப்பாக அனுப்பியது. அதன் பெயர் காவன். இஸ்லாமாபாத்தில் மர்கல்லா மலையடிவாரத்தில் இருந்த மர்கஸார் விலங்குக்காட்சிசாலையில் அது வைக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் ஸஹேலி என்ற பெண் யானை அதற்குத் துணையாக வந்தது. ஸஹேலி என்றால் உருது மொழியில் தோழி என்று பொருள். அந்தத் தோழியும் 2012ஆம் ஆண்டு இறந்துபோனது.

யானை கூட்டமாக வாழப் படைக்கப்பட்ட பிராணி. பூமியில் ஊர்ந்து திரிபவையும் சிறகடித்துப் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்அன்ஆம் அத்தியாயத்தில் அல்லாஹ் அறிவிக்கிறான். தன் சமுதாயத்திலிருந்து பிரிக்கப்பட்ட அந்த உயிர் எட்டு ஆண்டுகள் தன் இனத்தில் வேறொன்றைப் பார்க்காமல் வாழ்ந்தது. கால்களில் சங்கிலி பூட்டப்பட்ட காலமும் உண்டு. கடினமான தரையில் நின்று நின்று நகங்கள் வளர்ந்து வெடித்தன. நாள் முழுவதும் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நின்றது. பார்க்க வந்தவர்கள் யானை ஆடுகிறது என்று மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் அது மனம் நொந்த விலங்கின் நோய் என்கிறார்கள் மருத்துவர்கள். உலகிலேயே மிகத் தனிமையான யானை என்று பத்திரிகைகள் அதற்குப் பட்டம் சூட்டின.

இங்கே ஒன்றைச் சிந்தியுங்கள். காவனை யாரும் பட்டினி போடவில்லை. அதற்குக் கரும்பு வண்டி வண்டியாகக் கொடுக்கப்பட்டது. பொருந்தாத உணவால் உடல் பருத்து, எடை ஐந்து டன்னைத் தாண்டியது. வயிறு நிறைந்திருந்தது, உள்ளம் பாழாய்க் கிடந்தது. தீனி போட்டுவிட்டோம், கடமை முடிந்தது என்று எண்ணுகிறோமே, அந்த எண்ணத்தின் முகத்தில் அறையும் காட்சி அல்லவா இது?

2015ஆம் ஆண்டு முதல் அதன் விடுதலைக்காகப் பல நாட்டினரும் கையெழுத்திட்டுக் குரல் கொடுத்தனர். அமெரிக்கப் பாடகி ஷேரும் துணை நின்றார். இறுதியில் வழக்கு இஸ்லாமாபாத் உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. 2020ஆம் ஆண்டு மே மாதம், ரமழானின் இறுதிப் பத்து நாட்களில், தலைமை நீதிபதி அத்ஹர் மினல்லாஹ் தீர்ப்பளித்தார். விலங்குகளுக்கும் உரிமைகள் உண்டு என்று கூறிய அவர், திருக்குர்ஆனையும் நபிமொழிகளையும் அதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டினார். காவனையும் அங்கிருந்த ஏனைய விலங்குகளையும் தகுந்த சரணாலயங்களுக்கு அனுப்ப உத்தரவிட்டார்.

தீர்ப்பு வந்துவிட்டது. வேதனை தீர்ந்ததா? இல்லை. அதே ஆண்டு ஜூலையில், அதே இடத்திலிருந்து இரண்டு சிங்கங்களை மாற்ற முயன்றார்கள். வெளியே வராத சிங்கங்களை விரட்டக் கூண்டுக்குள் தீ மூட்டினார்கள். இரண்டும் மாண்டுபோயின. விடுதலை செய்யும் முயற்சியே அவற்றின் உயிரைக் குடித்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் முரண்டு பிடித்த ஓர் ஒட்டகத்தை முன்னும் பின்னுமாக இழுத்தபோது, மென்மையைக் கடைப்பிடிக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். மென்மை சேரும் காரியம் அழகு பெறும், அது அகன்றால் அக்காரியம் விகாரமாகும் என்று விளக்கமும் தந்தார்கள். முஸ்லிம் நூலில் உள்ள செய்தி. நன்மையான காரியத்தையும் முரட்டுக் கையால் செய்தால் அது பாவத்தில் முடியக்கூடும்.

காவனுக்கு அல்லாஹ் வேறொரு கையை நாடினான். எகிப்தில் பிறந்த கால்நடை மருத்துவர் அமீர் கலீல், ஃபோர் பாஸ் என்ற அமைப்பின் சார்பில் வந்தார். அவர் அந்த யானையை வெல்ல ஆயுதமோ அங்குசமோ தேடவில்லை. அருகில் இருந்தார். கையால் உணவூட்டினார். குளிப்பாட்டினார். தன் கனத்த குரலில் அதற்குப் பாடியும் காட்டினார். பாட்டைப் பற்றிய சட்டத்தை இங்கே நான் பேச வரவில்லை. ஆண்டுக்கணக்கில் அன்பான பேச்சைக் கேளாத செவிக்கு ஒரு மனிதக் குரல் என்ன செய்தது என்பதே பேச்சு. முரட்டு யானை என்று பெயர் வாங்கியிருந்த அது, அவருடைய குரலைத் தேடி வரத் தொடங்கியது. கரும்பு குறைந்து காய்கனிகள் சேர்ந்தன. மூன்று மாதத்திற்குள் ஏறத்தாழ அரை டன் எடை குறைந்தது. பயணத்திற்கான இரும்புப் பெட்டிக்குள் அஞ்சாமல் நுழையப் பல வாரங்கள் பொறுமையுடன் பழக்கினார்கள்.

2020 நவம்பர் இறுதியில் சரக்கு விமானத்தில் காவன் கம்போடியா சென்று சேர்ந்தது. அங்குள்ள வனச் சரணாலயத்தில் வேலிக்கு அப்பால் மற்றொரு யானை நின்றது. இரண்டும் துதிக்கை நீட்டித் தொட்டுக்கொண்டன. எட்டு ஆண்டுகளுக்குப் பின் தன் இனத்தின் ஸ்பரிசம்! ஸுப்ஹானல்லாஹ். டிசம்பரில் அந்தக் காட்சிசாலையில் எஞ்சியிருந்த இரண்டு கரடிகளும் ஜோர்தான் நாட்டுச் சரணாலயம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன.

பெரியோர்களே! பிராணி வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அபூஉமைர் என்ற சிறுவரின் சின்னஞ்சிறு பறவை இறந்தபோது நபியவர்கள் அவரிடம் பரிவோடு விசாரித்த செய்தி புகாரியில் உண்டு. ஆனால் பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண் நரகம் சென்றதும் அதே புகாரியில்தான் உண்டு. அடைப்பவன் பொறுப்பாளி. அவன் கையில் இருப்பது அமானிதம்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் குர்பானிக்காக ஓர் ஆட்டை ஐந்து நாட்களுக்கு முன்பே வாங்கிக் கொல்லையில் தனியாகக் கட்டினேன். அகத்திக்கீரையும் தண்ணீரும் குறைவில்லாமல் வைத்தேன். இரவெல்லாம் கத்தியது. எரிச்சலோடு கதவைச் சாத்தினேன். மந்தையிலிருந்து பிரிந்த ஆடு தனிமைக்கு அஞ்சிக் கத்தும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தூக்கம் பெரிதாகப் பட்டது. மறுநாள் என் மகள் பள்ளி விட்டு வந்து, பாடப் புத்தகத்துடன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கத்தல் நின்றது. மத்ரஸாவில் பல ஆண்டுகள் ஹதீஸ் ஓதிய நான் செய்யாததை அந்தச் சிறுமி செய்தாள்.

உங்கள் வீட்டுக் கூண்டில் கிளி இருக்கிறதா? நம் நாட்டுக் கிளிகளை அடைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றம். ஆயினும் இன்றே கூண்டைத் திறந்து விரட்டிவிடாதீர்கள். நெடுநாள் அடைபட்ட பறவைக்கு இரை தேடவும் பருந்திடம் தப்பவும் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வாசலில் சங்கிலியில் கிடக்கும் காவல் நாயா? நிழலும் நீரும் நடமாட்டமும் கொடுங்கள். செய்த அநீதியைச் சீர்படுத்துவதும் தவ்பாவில் அடங்கும்; நாவால் வருந்துவதோடு அது முடிவதில்லை.

கடைசியாக ஒன்று. நம் வீட்டின் பின்னறையில், மூன்று வேளையும் தட்டு தவறாமல் சென்று சேர, பேச்சுத்துணை மட்டும் இல்லாமல் ஒரு வாப்பாவோ உம்மாவோ படுத்திருந்தால், அந்த முறையீட்டை யார் கேட்பது? ஒட்டகத்தின் கண்ணீருக்கே விசாரணை உண்டென்றால், பெற்றவர்களின் கண்ணீருக்கு இல்லாமல் போகுமா? இன்று இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் அவர்கள் அருகில் உட்காருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் நீ தந்த உயிர்கள் உன்னிடம் எங்களைப் பற்றி முறையிடும் நிலையை ஆக்கிவிடாதே. எங்கள் கைகளில் மென்மையையும் உள்ளங்களில் இரக்கத்தையும் தந்தருள்வாயாக. ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.