மலைநாட்டு ஊரும் நம் வீட்டுப் பத்திரமும்

(மாசாயில் நடைபெற்ற நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"டீச்சர், போன விடுமுறையில அம்மாவோட சுமத்ரா போய் வந்தீங்களே, அதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசுங்க" என்று தலைமையாசிரியர் சொன்னார். பயணக் கதைதானே என்று நானும் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது வெறும் பயணக் கதையாக நிற்கவில்லை. நம் வீட்டுக் கதையாகவும் ஆகிவிட்டது. பொறுத்துக் கேளுங்கள்.

கோலாலம்பூரில் விமானம் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேடான் நகரம். அங்கே கம்போங் மெட்ராஸ் என்று ஒரு வட்டாரம் இருக்கிறது. 1884இல் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. நம் பாட்டன்மார் மலாயாவுக்கு வந்தது போலவே, டச்சுக்காரர் காலத்தில் டெலி புகையிலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன தமிழர்களும் உண்டு. அவர்கள் கும்பிட்ட அம்மனை நாங்களும் கும்பிட்டுவிட்டு, மறுநாள் காலை வேன் ஏறி மலைக்குப் புறப்பட்டோம்.

மேடானிலிருந்து பெரஸ்தாகி ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஆனால் அது கிலோமீட்டர் கணக்குக்கு அடங்குகிற பாதை அல்ல. வளைவுக்கு மேல் வளைவு. முன்னால் கோசு ஏற்றிய லாரி, பின்னால் ஹாரன் அடிக்கும் பஸ். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டபடியே வந்தார். மேலே போய் இறங்கினால் கேமரன் மலையில் இறங்கியது போல இருக்கிறது. 1,300 மீட்டருக்கு மேல் உயரம்; நல்ல குளிர். கேரட், கோசு, உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, காப்பி எல்லாம் விளைகிற கறுத்த மண். அந்த மண்ணைக் கொடுத்தது எரிமலைதான். எதிரே தெரியும் சினாபோங் மலை ஏறக்குறைய 400 ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு 2010இல் வெடித்தது. 2013லிருந்து மீண்டும் பல ஆண்டுகள் சாம்பலைக் கொட்டியது. அடிவாரத்திலிருந்த சில ஊர்களை அப்படியே காலி செய்து, மக்களை சியோசார் என்னும் புது இடத்தில் குடியேற்றினார்கள்.

இந்த மலைநாட்டு மக்களுக்குக் காரோ என்று பெயர். அவர்களுடைய பழைய வீட்டைப் பார்க்க லிங்கா என்னும் ஊருக்குப் போனோம். கூரை மட்டும் ஒரு கோபுர உயரம். கறுத்த பனைநார் வேய்ந்து, முகட்டின் இரு முனையிலும் எருமைக் கொம்பு வைத்திருக்கிறார்கள். ஆணி அடிக்காத வீடு. கல்லின் மேல் தூண், தூணின் மேல் பலகை, எல்லாம் கயிறும் பொருத்தும்தான். குனிந்துதான் உள்ளே போக முடியும். உள்ளே தடுப்புச் சுவரே கிடையாது; எட்டுக் குடும்பங்கள் ஒன்றாக வாழ்ந்த வீடு அது. இரண்டு குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, ஆக நான்கு அடுப்பு. யார் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதை உறவுமுறைதான் தீர்மானிக்கும். அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம பழைய லயத்துக்குச் சுவர எடுத்துட்ட மாதிரி இருக்குதே" என்றார். ஆனால் ஒரு வேற்றுமை உண்டு, பெரியோர்களே. லயம் கம்பெனியுடையது. அந்த வீடு அங்கே வாழ்ந்தவர்களுடையது. இன்று அப்படிப்பட்ட வீடுகள் சில ஊர்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன.

காரோ மக்களில் ஐந்து பெரிய குலங்கள் உண்டு. அவற்றில் ஒன்று செம்பிரிங். அதன் கிளைகளின் பெயரைக் கேளுங்கள்: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரமானா. சோழ, பாண்டிய, பல்லவப் பெயர்கள் அந்த மலையில் எப்படி ஏறின? சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்னும் பழைய துறைமுகத்துக்கு அருகே ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்ற தமிழ் வணிகக் குழுவினர் வெட்டி வைத்தது. கற்பூர வாணிபத்துக்கு வந்த தென்னாட்டாரோடு ஏற்பட்ட உறவின் அடையாளமே இந்தப் பெயர்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அதற்காக நான் மார்தட்டிக்கொள்ள வரவில்லை. அவர்கள் தமிழர் அல்லர், காரோ மக்கள். அவர்களுக்குச் சொந்த மொழியும் சொந்தப் பெருமையும் உண்டு. எனக்கு வியப்பாக இருந்தது வேறு. ஒரு பெயர் இத்தனை தலைமுறை அழியாமல் நிற்கிறதே, எப்படி? அப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று போய்க்கொண்டே இருந்ததால்தான். குலப் பெயரைப் போலவே நிலமும் வீடும் பழைய வழக்கப்படி மகன்கள் வழியாகவே போயின. மகளுக்கு அப்பாவின் குலப் பெயர் உண்டு. அப்பாவின் நிலம் இல்லை.

இதைப் புத்தகத்தில் படித்து நான் சொல்லவில்லை. பெரஸ்தாகிச் சந்தையில் வெற்றிலை போட்டபடி ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டி சொன்னார். அம்மாவும் வெற்றிலை போடுகிறவர். பிறகென்ன, இரண்டு பேருக்கும் பேச்சு வளர்ந்துவிட்டது. அம்மாவின் தோட்டத்து மலாயும் அவருடைய இந்தோனேசிய மொழியும் நன்றாகவே ஒத்துப்போயின. "எங்க அப்பா நிலத்துல களை எடுத்து எடுத்து என் இடுப்பு ஒடிஞ்சது. நிலம் தம்பிங்க பேருக்குப் போயிருச்சு" என்றார் அந்தப் பாட்டி. அம்மா சிரித்துவிட்டார். "இங்கயும் அப்படித்தானா?" என்று கேட்டார்.

பாட்டி விடவில்லை. "எங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கறப்பவே காப்பித் தோட்டத்துல ஒரு துண்ட மகள் பேருக்கு எழுதிட்டார். பங்காளிங்க ரெண்டு வருஷம் எங்களோட பேசல. அப்புறம் பேசினாங்க" என்றார். அவ்வளவுதான். ஒரு கிலோ ஆரஞ்சுக்குக் காசு வாங்கிக்கொண்டு, மேலே இரண்டு பழம் போட்டுக் கொடுத்தார்.

இறங்கி வரும்போது அம்மா கண்ணை மூடவில்லை, முருகனையும் கூப்பிடவில்லை. சன்னல் பக்கம் பார்த்தபடி என்னிடம் ஒரு செய்தி சொன்னார். அம்மாவின் அனுமதியோடு அதை உங்களிடம் சொல்கிறேன்.

என் தாத்தா சிறுவனாக நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். பால்மரம் வெட்டியே காலத்தைக் கழித்தார். வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும் என்ற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. 1980களில் 25,000 வெள்ளிக்கு மலிவு விலை வீடு கிடைத்தபோது எழுதிப் போட்டு ஒன்று வாங்கினார். மாதத் தவணையில் பாதி, அப்போது கல்யாணமாகாமல் இருந்த என் அம்மா வெட்டுக்குப் போய்ச் சம்பாதித்த பணம். தாத்தா 1998இல் உயில் எழுதாமலே காலமானார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகள் நாலு பேர். ஆண் இரண்டு, பெண் இரண்டு. சட்டப்படி ஆளுக்குக் கால் பங்கு. ஆனால் அம்மாவும் சின்னம்மாவும் "எங்களுக்கு வேண்டாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சில ஆண்டுகளில் மாமாமார் வீட்டை விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. அவர்களுக்கும் கடன் இருந்தது.

அம்மா சொன்னது இதுதான்: "நான் கையெழுத்துப் போட்டது அண்ணனுக்காக இல்லம்மா. தாய்வீடுன்னு ஒண்ணு இருக்கணுமேன்னு. தீபாவளிக்குப் போய் உட்கார ஒரு திண்ணை இருக்கணுமேன்னு. பங்கு கேட்டா அது போயிரும்னு பயந்தேன். கேக்காமலே போயிருச்சு."

தாய்மார்களே, இந்தப் பயம் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்க வேண்டியதில்லை.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். இந்தோனேசியாவின் உச்ச நீதிமன்றம், ஒரு காரோ குடும்பத்தின் நில வழக்கிலேயே, 1961இல் தீர்ப்புச் சொன்னது: பெற்றோர் விட்டுப்போன சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம உரிமை. தமிழ்நாட்டில் 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல்தான் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தரும் சட்டம் அங்கே வந்தது. இந்தியா முழுவதற்கும் 2005இல் வந்தது. நம் நாட்டில் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால் அந்தச் சட்டப்படிதான் பங்கு. அதில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதம் இல்லை. துணைவரும் பிள்ளைகளும் இருந்து, இறந்தவரின் பெற்றோர் இல்லையென்றால், துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் அனைவருக்கும் சமமாக. பெற்றோரும் இருந்தால் அவர்களுக்குக் கால், துணைவருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி.

ஆகவே சட்டம் எப்போதோ வந்துவிட்டது. பெரஸ்தாகியிலும் வந்தது, மாசாயிலும் வந்தது. ஆனால் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிறவர்களுக்குச் சட்டம் என்ன செய்யும்?

"பொம்பளப் புள்ளைக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன பங்கு?" என்று கேட்பவர்கள் இங்கேயும் இருக்கலாம். ஐயா, அந்த நகை முதல் ஆஸ்பத்திரிச் செலவுக்கே அடகுக்கடைக்குப் போய்விடுகிறது. வீடு அப்படிப் போவதில்லை. "கடைசிக் காலத்துல எங்களப் பாக்கறது மகன்தானே?" என்பீர்கள். பார்க்கிற பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அதை நீங்களே எழுதி வையுங்கள். உங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் சண்டை போட்டோ, வாயை மூடிக்கொண்டோ தீர்மானிக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

நம்மிடம் என்ன பெரிய சொத்து இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். லயத்து வீட்டுக்கு வாரிசு கிடையாது, உண்மை. ஆனால் மலிவு விலை வீடு இருக்கலாம், சேமநிதி இருக்கலாம். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் தாத்தா பாட்டி வாங்கிய பங்கு இருக்கலாம். தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணம் அது. ஆகவே இந்த மலரைப் படித்து முடித்ததும் நான்கு காரியம் செய்யுங்கள்.

முதலாவது, பரண்மேல் கிடக்கும் தகரப் பெட்டியை இறக்குங்கள். பழைய பங்குச் சான்றிதழ், வீட்டு ஒப்பந்தம், கிராண்டு என்று நாம் சொல்லும் நிலப்பத்திரம், எல்லாவற்றிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இரண்டாவது, கல்யாணத்தைப் பதிவு செய்தீர்களா என்று பாருங்கள். 1982 மார்ச் 1ஆம் தேதிக்குப் பிறகு கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டத்துக்குப் போதாது. பதிவு இல்லையென்றால் மனைவியும் பிள்ளைகளும் பங்கு கேட்டு நிற்கும்போது தடுமாற வேண்டிவரும்.

மூன்றாவது, சேமநிதிக்கு யார் பெயரை எழுதிக் கொடுத்தீர்கள் என்று விசாரியுங்கள். பெயரே எழுதாதவர்கள் நாளைக்கே போய் எழுதுங்கள்.

நான்காவது, உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக் கூடாது. உயிலை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியும் வையுங்கள்.

என் அம்மா ஊர் திரும்பிய மாதமே உயில் எழுதிவிட்டார். இப்போது நாங்கள் இருக்கும் சிறிய அடுக்குமாடி வீடு எனக்கும் தம்பிக்கும் சரிபாதி. தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவரே சொன்னார். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதைச் சொல்லவா சுமத்ரா வரைக்கும் போனீங்க?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையேறிப் பரிசு வாங்கியவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். ஒவ்வொரு சான்றிதழிலும் உங்கள் பெயரை நானே எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். அப்பா அம்மா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள், சந்தேகமில்லை. பெற்றோர்களே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். சுவரில் மாட்டுகிற தாளில் இருக்கும் அந்தப் பெயர், பெட்டிக்குள் வைக்கிற தாளிலும் இருக்கட்டும்.