கையெழுத்துப் போடும் முன்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேற்பார்வை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல்லே நமக்கு உவப்பானதில்லை. வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு, சேற்றில் நாற்று நடும் பெண்களைப் பார்க்கிறவனுடைய பார்வைதான் நமக்குத் தெரிந்த மேற்பார்வை. தலைமுறை தலைமுறையாக அந்தப் பார்வைக்குக் கீழே குனிந்து கிடந்தவர்கள் நாம். இன்றைக்கு நம்மில் சிலர் மேற்பார்வை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். நானும் சில வருஷம் உட்கார்ந்தேன். அங்கே நான் செய்த தப்பைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

என் வேலை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். 1098க்கு ஒரு அழைப்பு வருகிறது. புறத்தொடர்புப் பணியாளர் ஊருக்குப் போய் விசாரித்துச் சமூக விசாரணை அறிக்கை எழுதுகிறார். அது பாதுகாப்பு அலுவலரான என் மேஜைக்கு வரும். நான் படித்துக் கையெழுத்துப் போட்டால் குழந்தைகள் நலக் குழுவுக்குப் போகும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். குற்றவியல் நடுவருக்குள்ள அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு. பிள்ளை வீட்டுக்கா, இல்லத்துக்கா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். எதை வைத்து? பெரும்பாலும் அந்த ரெண்டு பக்கக் காகிதத்தை வைத்துத்தான்.

2019இல் பேருந்து நிலையத்தில் ரெண்டு பையன்கள். ஒருவனுக்கு ஒன்பது வயது, இன்னொருவனுக்கு ஆறு. அப்பா செத்துப்போனார். அம்மா செங்கல் சூளையில். சூளைக்குப் போன அம்மாவைத் தேடி பஸ் ஏற வந்திருக்கிறார்கள். அறிக்கை வந்தது. 'தாய் பொறுப்பற்றவர். குடும்பச் சூழல் கவனிப்பற்றது. சுற்றுச்சூழல் குழந்தைகள் வளர உகந்ததல்ல. இல்லத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' மாதக் கடைசி. மேஜையில் கட்டு கட்டாகக் காகிதம். கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் இல்லத்துக்குப் போனார்கள். பதினோரு மாதம்.

ஒருநாள் ஒரு ஆயா வந்தாங்க. மஞ்சப் பையில் ரேஷன் கார்டு. கார்டை மேஜையில வச்சுட்டு, "இதுல எம் பேரனுங்க பேரு இருக்குது பாரு. எங்க வச்சிருக்கிற?" என்றார்கள். அன்று சாயங்காலமே அவங்க வீட்டுக்குப் போனேன். சாணி மெழுகின தரை. கொடியில் பிள்ளைகளின் பள்ளிச் சட்டை துவைத்துக் காயப்போட்டபடி. பிள்ளைகளே இல்லை, சட்டையை எதுக்கு ஆயா துவைக்கிறே என்றால், "வந்தா போட்டுக்க வேணாமா?" என்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டேன். "விசாரிக்கவா? இந்தத் தெருவுக்குள்ள எவனும் வரலையே."

பணியாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை. ஊர்த்தெரு டீக்கடையில் விசாரித்திருக்கிறார். வார்டு உறுப்பினரிடம் விசாரித்திருக்கிறார். சேரிக்குள் போகவில்லை. "போகணும்னு நீங்க சொல்லலையே மேடம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. 'பொறுப்பற்ற தாய்' என்று எழுதியது யாருடைய வாய்? டீக்கடை பெஞ்சின் வாய். ஊர் சொன்னதை அரசாங்கம் எழுதியது. அரசாங்கம் எழுதியதில் நான் கையெழுத்துப் போட்டேன். நானும் அப்படியொரு தெருவில் பிறந்தவள். 'சுற்றுச்சூழல் உகந்ததல்ல' என்ற வார்த்தை என் ஆயா வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. பதவி நம் கண்ணுக்கு மாட்டிவிடும் கண்ணாடி அது. நம்ம ஆள் நாற்காலியில் உட்கார்ந்துட்டா எல்லாம் மாறிடும் என்று நம்புகிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இது நம்மூர்க் கதை மட்டுமல்ல. இங்கிலாந்தில் குழந்தைப் பாதுகாப்பு உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. ஐவரி கோஸ்ட்டில் பிறந்த விக்டோரியா கிளிம்பியே என்ற சிறுமி 1999இல் பெரிய அத்தையோடு லண்டனுக்கு வந்தாள். 2000 பிப்ரவரி 25 அன்று எட்டு வயதில் செத்துப்போனாள். அத்தையும் அவளுடைய ஆணும் சேர்ந்து செய்த சித்திரவதை. உடம்பில் 128 காயங்கள். சமூகநலத் துறைகள், காவல்துறை, மருத்துவமனைகள் எல்லாருக்கும் அவளைத் தெரியும். சிரங்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் வீட்டுக்குப் போவதைத் தவிர்த்தார்கள். அத்தை முன்னால் அவள் விறைத்து நின்றதைப் பார்த்த சமூகப் பணியாளர், அது அந்தச் சமூகத்தில் பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். அந்தப் பணியாளரும் கறுப்பினப் பெண்தான். பயத்தைப் பண்பாடு என்று வாசித்தார்கள். 'அவங்க அப்படித்தான்' என்பது எவ்வளவு வசதியான வாக்கியம் பாருங்கள்! அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பிள்ளையைப் பிடுங்கவும் செய்யலாம், சாக விடவும் செய்யலாம்.

லாமிங் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை 2003இல் வந்தது. அவளைக் காப்பாற்ற குறைந்தது 12 வாய்ப்புகள் இருந்தன என்றது. 108 பரிந்துரைகள். அதில் ஒன்று நம்முடைய பேச்சுக்கு முக்கியம்: குழந்தைகளோடு நேரடியாக வேலை செய்பவர்களை முறையாக மேற்பார்வை செய்ய வேண்டும், மேற்பார்வையாளர் கோப்பைப் படித்து, பரிசீலித்து, கையெழுத்திட வேண்டும். படித்து என்கிறது. இதைச் சொல்ல ஒரு குழந்தை சாக வேண்டியிருந்தது.

ஆயா வந்துபோன பிறகு நான் ஒரு பழக்கம் வைத்தேன். திங்கள்கிழமை ரெண்டு மணி நேரம், ஒவ்வொரு பணியாளரோடும் கோப்பைத் திறந்து வைத்து உட்காருவது. நாலே கேள்வி. பிள்ளையைத் தனியாகப் பார்த்துப் பேசினாயா? எங்கே உட்கார்ந்தாய், யாரைக் கேட்டாய்? இந்தக் குடும்பம் ஊர்த்தெருவில் இருந்திருந்தால் இதே வார்த்தையை எழுதியிருப்பாயா? கடைசியாக, இந்தக் கோப்பில் உனக்குப் பயம் தருவது எது?

நாலாவது கேள்விதான் பெரிசு. ஒரு பெண் பணியாளர், சின்ன வயசு. ஒரு பண்ணை வீட்டில் பதிமூன்று வயதுப் பெண் முன்பணத்துக்கு ஈடாக வேலை செய்வதாகப் புகார். 'விசாரித்ததில் புகார் உண்மையல்ல' என்று எழுதியிருந்தார். பயம் எது என்று கேட்டேன். அழுதுவிட்டார். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். பண்ணை வீடு அவருடைய பங்காளி வீடு. "வண்டியில தனியாத்தான திரும்பிப் போவணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தப் பொண்ணுக்கு ஒப்பந்த வேலை, சம்பளமும் மாதக்கணக்கில் பாக்கி. யாரை நம்பி உண்மையை எழுதுவார்?

பணியாளரைத் திட்டுவது சுலபம். இங்கிலாந்திலும் கீழே இருந்தவருக்கு வேலை பறிபோனது. கோட்டாட்சியருக்கு நானே எழுதினேன். காவலரோடு நானும் போனேன். அந்தப் பிள்ளை மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்பது 2016 திருத்தச் சட்டம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். சட்டம் இருக்கிறது தோழர்களே. அதை எழுதுகிற கை நடுங்காமல் பக்கத்தில் ஒருவர் நிற்கணும். அதுதான் மேற்பார்வை. வரப்பில் நிற்பதல்ல, சேற்றில் கூட இறங்குவது.

பையன்கள் விஷயத்துக்கு வருகிறேன். இல்லம் என்பது கடைசி வழி என்றுதான் 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. கணவனை இழந்த தாயின் பிள்ளைகளுக்கு நிதி ஆதரவுத் திட்டம் அன்றைக்கும் இருந்தது. தொகை குறைவு; 2022இல் மிஷன் வாத்சல்யா வந்தபின் மாதம் 4,000 ரூபாய். அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது அந்தப் பணம். நாங்கள் கொடுத்தது இல்லத்துச் சுவர். வறுமையைக் குற்றமாக எழுதினோம். மீண்டும் விசாரித்து, ஆயா பெயரையும் சேர்த்து எழுதி, குழுவின் முன் நின்று, என் அறிக்கை தவறு என்று நானே சொன்னேன். பிள்ளைகள் வீடு திரும்பினார்கள்.

மாணவ நண்பர்களே, சமூகப்பணி படிக்கிறவர்கள் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காருவீர்கள். உங்களிடம் வரும் காகிதத்தில் 'பொறுப்பற்ற', 'உகந்ததல்ல' என்ற வார்த்தைகளைப் பார்த்தால் பேனாவைக் கீழே வையுங்கள். யார் வாய் இது என்று கேளுங்கள். தோழர்களே, கிராமசபையில் ரோடு, குடிநீர், சுடுகாட்டுப் பாதை கேட்கிறோம். குழந்தைகள் பாதுகாப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது, நம் தெருவிலிருந்து யார் அதில் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

போன வருஷம் அந்த வழியாகப் போனபோது ஆயாவைப் பார்க்கப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாங்க. சின்னவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மூத்தவன் வளர்ந்துவிட்டான், மீசை அரும்புகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. "அவன் அப்படித்தாம்மா" என்றார்கள் ஆயா.

இல்லை ஆயா. அவன் அப்படி இல்லை. அது நான் போட்ட கையெழுத்து.

ஜெய்பீம்.