மேய்ப்பனிடம் கணக்குக் கேட்கலாமா?



ஆயர் பணியில் தனிமனித நேர்மை என்பது இந்த மாநாட்டின் பொருள். அழைப்பிதழில் இதைப் படித்ததும், இதை யார் மறுத்துப் பேசப் போகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நேர்மை வேண்டாம் என்று எந்த மாநாட்டிலும் யாரும் கட்டுரை படித்ததில்லை. எல்லாரும் தலையசைக்கும் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, தகராறு இருக்கும் பகுதிக்கு வந்துவிடுகிறேன். ஆயரின் நேர்மையை அவருடைய ஜெப அறையில் தேடுவது நம் வழக்கம். காணிக்கை எண்ணும் மேசையில் தேடுங்கள் என்கிறேன். சோதித்துப் பார்க்க இடம் கொடுக்காத ஒருவரை நேர்மையானவர் என்று ஒப்புக்கொள்ளும் கடமை சபைக்கு இல்லை.

இது நவீன நிர்வாகவியலிலிருந்து கடன் வாங்கிய கருத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பணம் திரட்டுகிறார். தீத்து அவருடைய நம்பிக்கைக்குரியவர். அவரை மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் சபைகளே தெரிந்தெடுத்த வேறொரு சகோதரனும் கூடப் போகிறார். இவ்வளவு பெரிய தொகையைக் கையாளும்போது ஒருவரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது, கர்த்தர் பார்த்தால் போதாது, மனிதரும் பார்க்க வேண்டும் என்பது பவுல் சொல்லும் காரணம். அப்போஸ்தலன் என்ற தகுதியைக் காட்டி அவர் விலக்குக் கேட்கவில்லை. உற்சாகமாகக் கொடுப்பதைப் பற்றிய 9-ஆம் அதிகாரத்தை நாம் ஆண்டுக்கு எத்தனை முறை பிரசங்கிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். 8-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதியை வைத்து ஒரு பிரசங்கம் கேட்டவர்கள் கையைத் தூக்கச் சொன்னால் இந்த அரங்கில் எத்தனை கை எழும்பும் என்று எனக்குச் சந்தேகம்தான்.

திருச்சபை வரலாற்றில் இந்தக் கேள்வி முதன்முதலில் பெரும் பிளவாக வெடித்தது வட ஆப்பிரிக்காவில். 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமப் பேரரசின் துன்புறுத்தலுக்கு அஞ்சி வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருமார் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானமும், வைக்கும் குருப்பட்டமும் செல்லாது என்றார்கள் தொனாத்தியர்கள். அகுஸ்தீன் மறுத்தார்: திருவருட்சாதனத்தின் வல்லமை கிறிஸ்துவிடமிருந்து வருகிறது, அதைக் கொடுக்கும் கையின் தூய்மையிலிருந்து அல்ல. திருச்சபை அகுஸ்தீன் பக்கம் நின்றது, சரியாகவே நின்றது. இல்லாவிட்டால் தன் குருவின் அந்தரங்கத்தை ஆராய்ந்து முடிக்கும்வரை எந்த விசுவாசியும் திருவிருந்தில் பங்குபெற முடியாது.

ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளில் 26-ஆவது விதி இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துச் சொல்கிறது. தகுதியற்ற குருவின் கையிலிருந்து பெற்றாலும் அருட்சாதனத்தின் பலன் குறையாது என்பது அதன் முற்பகுதி. அந்த விதிக்குப் பிற்பகுதியும் உண்டு. தீய குருமாரைப் பற்றி விசாரணை நடக்க வேண்டும், அவர்களின் குற்றத்தை அறிந்தவர்கள் முன்வந்து சொல்ல வேண்டும், குற்றம் உறுதியானால் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. நம் சபைகளில் முற்பகுதி எல்லாருக்கும் மனப்பாடம். “ஐயர் எப்படி இருந்தால் என்ன, அங்கி கடவுளுடையது” என்று கிராமத்துப் பாட்டிகூடச் சொல்வார். பிற்பகுதியைச் சொல்பவரை உடனே ஒரு வசனத்தால் வாயடைத்துவிடுகிறோம். அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே! சங்கீதம் 105-இல் அந்த வார்த்தை அந்நிய ராஜாக்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. நாடோடிகளாகத் திரிந்த முற்பிதாக்களை ஒடுக்காதே என்று அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு விடுத்த எச்சரிக்கை அது. அதை அதிகாரத்தில் இருப்பவருக்கே கேடயமாக்கிக் கொடுத்துவிட்டோம்.

இனி தஞ்சாவூருக்கு வருகிறேன். ஆயரின் நற்குணத்துக்கு எடுத்துக்காட்டாகத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் எப்போதும் சொல்லும் பெயர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருடையது. 1726-இல் பிரஷ்யாவில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தாய்நாட்டுக்குத் திரும்பாமலேயே 1798 பிப்ரவரி 13-ஆம் நாள் தஞ்சையில் இறந்தவர். 1779-இல் சென்னையின் ஆங்கில அரசு அவரை மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் இரகசியத் தூது அனுப்பியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்களை நம்பாத ஹைதர் இவரை நம்பினார். வழிச்செலவுக்கு ஹைதர் கொடுத்த 300 ரூபாயை அவர் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொன்னபோது, தஞ்சையில் தொடங்க நினைத்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை ஒதுக்கினார். இந்தக் கதையை நாம் ஞாயிறு பள்ளியில் சொல்கிறோம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. மைசூர்ப் படை நாட்டுக்குள் புகுந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பட்டினி. வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது, கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் வர மறுத்தார்கள். முன்பு அவர்களிடம் வேலை வாங்கியவர்கள் கூலி கொடுக்காமல் ஏமாற்றியிருந்தார்கள். அரண்மனையின் வாக்கையும் கம்பெனியின் வாக்கையும் யாரும் வாங்கத் தயாராக இல்லை. சுவார்ட்ஸ் ஐயர் தம் பெயரில் வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் உரிய கூலியைக் கொடுத்து, கையில் கொஞ்சம் அன்பளிப்பும் வைத்து அனுப்பினார்.

அந்த மாட்டுக்காரர்களுக்கு லுத்தரன் இறையியல் தெரியாது. ஐயரின் ஜெப வாழ்க்கையை அவர்கள் பார்த்ததுமில்லை. இந்த மனிதர் சொன்ன கூலியை எண்ணிக் கையில் கொடுப்பார் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நற்குணம் என்பது ஊரில் செல்லுபடியாகும் விதம் இதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: உயிரைப் பணயம் வைத்துக் கிராமம் கிராமமாகப் போய் நெல்லைக் கொண்டுவந்தவர்களில் ஓர் உபதேசியாரும் சபையாரும் இருந்தார்கள். நம் நினைவுநாள் பிரசங்கங்களில் அவர்களுக்கு இடமே கிடைப்பதில்லை.

சுவார்ட்ஸ் ஐயரைப் புகழ்வதோடு நிறுத்திவிட்டால் இது ஆய்வு மாநாடு ஆகாது. 1779-இல் அவர் கொண்டுபோனது சமாதானச் செய்தி. அடுத்த ஆண்டே போர். நேர்மையான ஒருவரின் பெயரை, அந்த நேர்மை இல்லாதவர்கள் தங்கள் காரியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்றும் இது நடக்கிறது. சொத்து வழக்கில் சிக்கிய நிர்வாகம், கறைபடாத ஒரு முதிய ஆயரைத் தலைவராக உட்கார வைக்கும். அவர் கையெழுத்துப் போடுவார், கோப்பைப் படித்திருக்கமாட்டார். தான் சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கும் நல்லவர்களால் சபைக்கு நேர்ந்த நஷ்டம் கொஞ்சமல்ல.

அடுத்தது சாதி. தஞ்சைத் தேவாலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கத்தைச் சுவார்ட்ஸ் காலத்து மிஷன் பொறுத்துக்கொண்டது. மெல்ல மெல்ல மாறும் என்ற எண்ணம். 1833-இல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமையை அறவே விட்டுவிட வேண்டும் என்று ஆணை பிறப்பித்தபோது, எதிர்ப்பு வலுத்த இடங்களில் தஞ்சை முக்கியமானது. எதிர்த்தவர்களில் ஒருவர் சுவார்ட்ஸ் கையில் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார். பணத்தில் இவ்வளவு கறாரான ஒரு மரபு, பந்தியிலும் பலகையிலும் ஏன் தளர்ந்துபோனது? நேர்மை என்றவுடன் பணத்தையும் பெண்ணையும் மட்டுமே எண்ணிப் பழகிய நம் ஒழுக்க இலக்கணத்தின் ஓட்டை இது. லஞ்சம் வாங்காத, மனைவிக்குத் துரோகம் செய்யாத ஓர் ஆயர், வேறு சாதியார் தெருவில் வீடு சந்திக்கப் போகாமலேயே ஐந்தாண்டு ஒரு சேகரத்தில் இருந்துவிட்டு, நல்ல பெயரோடு மாறிப்போக முடியும். அவரை நேர்மையானவர் என்று எந்த அளவுகோலால் சொல்கிறோம்? இன்றைய இரண்டாம் அமர்வில் இதைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. சண்டை வந்தாலும் பரவாயில்லை, அதை விவாதியுங்கள்.

பொய் எங்கே தொடங்குகிறது என்று என்னைக் கேட்டால், அறிக்கையில் என்பேன். 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய குழுவினரும் கூடிப் பேசித் தங்களுக்குச் சில கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டார்கள். பெண்களோடு தனிமையில் இருப்பதில்லை என்ற விதியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதில்லை என்பதும் அதில் ஒன்று. நம் ஊரில் திடல் கொள்ளும் அளவைவிட அதிகம் பேர் கூடியதாக நன்றிக் கடிதங்கள் அச்சாகின்றன. ஆத்தும ஆதாயக் கணக்கைக் கூட்டி எழுதப் பழகிய கை, கட்டட நிதிக் கணக்கை எழுதும்போது திடீரென்று திருந்திவிடாது.

அறுப்பின் பண்டிகை ஏலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் எலுமிச்சம்பழம் ஐயாயிரம் ரூபாய்க்குப் போகிறது. ஒலிபெருக்கியில் பெயர் முழங்குகிறது, கைத்தட்டல். ஆறு மாதம் கழித்துக் கணக்கர் நோட்டைப் புரட்டினால் அந்தப் பெயருக்கு எதிரே “பாக்கி” என்று இருக்கும். பக்கத்து வரியில் ஒரு கோழிக்கு 400 ரூபாய் கேட்டு, அன்றே கட்டிவிட்டுப் போன விதவையின் பெயர் இருக்கும். பாக்கிக்காரரிடம் ஆயர் வாயைத் திறக்கமாட்டார். ஏன் என்று கேட்டுப் பாருங்கள்: மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அவரிடம்தான் கைமாற்று வாங்கியிருப்பார்.

இதைக் கேட்டு இங்கிருக்கும் குருத்துவ மாணவர்கள் சிரிக்கிறீர்கள். சேகரக் கமிட்டியில் உள்ளவர்கள் சிரிக்க வேண்டாம். ஆயரின் சம்பளம் எவ்வளவு, அதில் பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியுமா என்பதும் நேர்மையைப் பற்றிய கேள்விதான். இடமாற்றமும் அப்படியே. பட்டியல் வெளிவரும் காலத்தில், யாருடைய தயவில் நல்ல சேகரம் கிடைக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கும் ஒரு திருமண்டலத்தில், கணக்கில் குளறுபடி இருக்கிறது என்று எழுதிக்கொடுக்கும் ஆயர் எங்கே தூக்கி எறியப்படுவார் என்பதும் தெரியும். தைரியசாலிகள் அப்போதும் எழுதுவார்கள். ஆனால் ஆயர் ஒழுங்காக இருப்பதற்கே வீரனாக இருக்க வேண்டிய அமைப்பைக் கட்டிவிட்டு, குருமாருக்கு ஒழுக்கப் பயிற்சி முகாம் நடத்துவது எனக்கு ஏமாற்றுவேலையாகத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று, இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், காயம் புதிது. சென்னையில் பிறந்து உலகெங்கும் பேசிய ரவி சக்கரையாஸின் நூல்கள் இங்கிருக்கும் பலரின் அலமாரியில் இருக்கும். 2017-இல் ஒரு பெண் எழுப்பிய புகாரில் அவருடைய ஊழிய நிறுவனம் அவர் பக்கமே நின்றது. அவர் 2020-இல் இறந்தார். 2021 பிப்ரவரியில், அதே நிறுவனம் அமர்த்திய வழக்கறிஞர்களின் அறிக்கை பல பெண்களிடம் அவர் நடத்திய பாலியல் அத்துமீறல்களை உறுதிசெய்தது. புகார் வந்த நாளில் கேட்க வேண்டியவர்கள் கேட்டிருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே பதில் சொல்லியிருப்பார்; அந்தப் பெண்களுக்கும் அவ்வளவு காலம் பழி சுமக்க நேர்ந்திராது.

அது அமெரிக்காவில் நடந்தது என்று ஆறுதல் அடைய வேண்டாம். சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தவர் எவரானாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவில் சொல்கிறது. ஆயருக்கும் மூப்பருக்கும் அதில் விலக்கு இல்லை. வெஸ்ட்ரி அறையில் இரு குடும்பத்தையும் உட்கார வைத்து, ஜெபித்து, கைகுலுக்கி அனுப்பும் பழைய முறை இப்போது சட்டப்படியே குற்றம். சட்டம் வராதிருந்தாலும் அது தவறுதான். மன்னிப்பைப் பற்றிப் பேசும் உரிமை முதலில் பாதிக்கப்பட்டவருக்கு உண்டு. சமரசம் செய்ய அவசரப்படும் நமக்கு இல்லை.

எனவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நல்ல ஆயரின் இலட்சணங்களைப் பட்டியலிடும் பகுதியைச் சுருக்கிக்கொள்ளுங்கள். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 3-ஆம் அதிகாரம் அதைச் செய்தாகிவிட்டது. ஒரு கிராமச் சேகரத்தில் தன் ஆயர்மேல் புகார் வைத்திருக்கும் ஒரு பெண், யாரிடம் போவாள், எந்தக் காகிதத்தில் எழுதுவாள், எத்தனை நாளில் அவளுக்குப் பதில் வரும்? அதேபோல, பொய்ப் புகாரில் மாட்டிக்கொண்ட ஆயர் தன் பெயரை மீட்க எந்தக் கதவைத் தட்டுவார்? நாளை மாலை இந்த மாநாடு கலையுமுன், பேராயரிடம் கொடுக்கத்தக்க ஒரு வரைவு இந்த இரண்டுக்கும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் குழுவில் பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும் என்பதை இந்தத் தலைமை இடத்திலிருந்தே முன்மொழிகிறேன். வழிமொழிபவர்கள் தேநீர் இடைவேளையில் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். மணி அடித்ததும் நிறுத்திவிட வேண்டும், பேசுகிறவர் பேராயராக இருந்தாலும் சரி.