தனியே படி என்றார்கள்



நம் பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நுழைந்தபின் வகுப்பறை அவர்களை என்ன செய்கிறது என்பதைக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அதற்காகவே இந்த நினைவுச் சொற்பொழிவில் கறுப்பினக் கல்வி நிர்வாகி ஒருவரை எடுத்துக்கொள்கிறோம். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்துக்கு 1992 முதல் 2022 வரை தலைவராக இருந்த ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி.

1950இல் அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்தவர். 1963 மே மாதம், நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கியபோது 12 வயதுச் சிறுவனாக அவரும் நடந்தார். காவல்துறைக்குப் பொறுப்பாக இருந்த புல் கானர் அவர் முகத்தில் துப்பினார். ஐந்து நாள் சிறை. பின்பு கணிதம், 24 வயதில் முனைவர் பட்டம். இதைச் சொல்லி, 'பாருங்கள், உழைத்தால் முன்னேறலாம்' என்று முடித்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கதை வேண்டாம்.

1987இல் அவர் அந்த வளாகத்துக்கு வந்தபோது, அறிவியல் பாடங்களில் கறுப்பின மாணவர்கள் பின்தங்கியிருந்தார்கள். ஏன் என்று கேட்டால் எங்கும் சொல்லப்படும் பதில்தான்: அடித்தளம் இல்லை, வீட்டுச் சூழல் சரியில்லை, ஆர்வம் இல்லை. இதே பதில்களை 1970களில் பெர்க்லியில் கேட்ட யூரி ட்ரைஸ்மன், மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். நுண்கணிதத்தில் நன்றாகத் தேறிய சீன மாணவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் விடையை ஒருவர் திருத்தினார்கள். கறுப்பின மாணவர்கள் அறையைச் சாத்திக்கொண்டு தனியே உழைத்தார்கள். உழைப்பில் குறையில்லை, தனிமைதான் அவர்களைத் தோற்கடித்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. சந்தேகம் கேட்டால் 'கோட்டாவில் வந்தவன்' என்ற பார்வை வருமே என்று வாயை மூடிக்கொண்டவர்கள்தானே நாம்.

வள்ளல் ராபர்ட் மேயர்ஹாஃபின் நிதியோடு 1988இல் ஹ்ரபோவ்ஸ்கி தொடங்கிய உதவித்தொகைத் திட்டத்தில், மறுவருடம் 19 கறுப்பின இளைஞர்கள் சேர்ந்தார்கள். அங்கே கூடிப் படிப்பதும் உதவி கேட்பதும் சலுகை அல்ல, வழக்கம். 'இடப்பக்கம் பார், வலப்பக்கம் பார், உங்களில் ஒருவர் தேறமாட்டார்' என்று முதல் நாளே சொல்லும் பழைய பேராசிரியர்களை அவர் தொடர்ந்து விமர்சித்தார். அது மாணவரின் தோல்வியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனத்தின் குரல். மாடர்னா தடுப்பூசி ஆய்வில் முன்னணியில் நின்ற கிஸ்மெக்கியா கார்பெட் இந்தத் திட்டத்தில் படித்தவர்.

ஆனால் இத்திட்டம் ஏற்கெனவே நல்ல மதிப்பெண் பெற்றவர்களையே தேர்ந்தெடுக்கிறது. மற்றவர்கள்? அதனால்தான் 2005இல் நடந்ததை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். முதலாண்டு வேதியியலில் எல்லா மாணவர்களுக்குமாக ஒரு கண்டறிதல் மையம் தொடங்கினார்கள். நான்கு பேர் குழு, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு, முன்னால் ஒரு கணக்கு. ஆசிரியர் சுற்றி வருவார், விடையைச் சொல்லமாட்டார். தேர்ச்சி கூடியது.

செயல்வழிக் கற்றல் என்றதும் நமக்குத் தொடக்கப் பள்ளி அட்டைகள்தான் நினைவுக்கு வரும். இது விளையாட்டல்ல. 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரையின்படி, விரிவுரை மட்டும் நடக்கும் அறிவியல் வகுப்புகளில் 100க்கு 34 பேர் தோற்கிறார்கள். மாணவர்கள் செயல்பட்டுக் கற்கும் வகுப்புகளில் 22 பேர். 2020இல் வந்த இன்னொரு தொகுப்பு, ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான தேர்வு மதிப்பெண் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு குறைவதாகக் காட்டியது. முறையைப் பெயருக்குச் செய்த இடங்களில் அந்தப் பலன் இல்லை. 'தகுதி' என்று நம்மிடம் சொல்லப்பட்டதில் எவ்வளவு, வகுப்பு நடத்தும் முறையின் கோளாறு?

அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் ஜான் டூயியிடம் படித்தவர். செய்து கற்பது என்ற சிந்தனை நமக்கு அந்நியமல்ல. இருந்தாலும், அதை அப்படியே இங்கே இறக்க முடியாது. குழுவை மாணவர்களே அமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அதைச் சாதி அமைத்துவிடும். குழுவைப் பிரிப்பது யார்? யார் பேசுவது, யார் குறிப்பெடுப்பது, அது வாராவாரம் மாறுமா? இவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இந்த உரைக்குப் பின் மாணவர்கள் முதலில் பேச வேண்டியது இதைத்தான். மேடையில் இருக்கும் நாங்கள் கேட்கிறோம்.