அரட்டையும் சட்டமும்: பெற்றோர் அறியாத பக்கம்

பிள்ளை அறைக்குள் இருந்தால் பத்திரமாக இருக்கிறது என்று பெற்றோர் நிம்மதியாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று அடுக்குமாடி வீட்டின் அந்தச் சிறு அறைக்குள் யார் வேண்டுமானாலும் வந்து போகலாம். "எனக்குப் பதினைந்து வயது" என்று சொல்லிக்கொண்டு அரட்டைக்கு வருபவருக்கு நாற்பது வயது இருக்கலாம்.

சிங்கப்பூர்ச் சட்டம் இதைக் கவனிக்காமல் இல்லை. 2008 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தம், 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பாலியல் நோக்கத்தோடு பேசி வசப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. பேசிப் பழகியபின் அந்த நோக்கத்தோடு சந்திக்கப் புறப்பட்டாலே போதும். கெடுதல் நடந்திருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் 21 வயதை எட்டியவர்களுக்கே இது பொருந்தியது. 2020 முதல் அந்த வரம்பு 18. ஆகவே பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவரும் இதில் சிக்கலாம்.

பிள்ளை பாதிக்கப்பட்டவராக மட்டுமல்ல, குற்றம் புரிந்தவராகவும் நீதிமன்றம் செல்ல நேரிடும். 2006இல் அண்டை வீட்டாரின் கம்பியில்லா இணையத் தொடர்பை அனுமதியின்றிப் பயன்படுத்தி அரட்டையடித்த 17 வயது இளையருக்கு, மறு ஆண்டு 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2005இல், வலைப்பதிவில் மலாய்க்காரர்களை இழிவுபடுத்தி எழுதிய மற்றொரு 17 வயது இளையர் 24 மாதக் கண்காணிப்புக்கு உள்ளானார்.

இப்போது பெருங்கவலை, படம். தோழி நம்பி அனுப்பிய அந்தரங்கப் படத்தை, மனத்தாங்கல் வந்ததும் நண்பர் குழுவுக்கு அனுப்பிவிடுகிறான் ஒரு பையன். கேட்டால், விளையாட்டு என்கிறான். சம்மதமின்றி அதைப் பரப்பினாலும், பரப்பிவிடுவேன் என்று மிரட்டினாலும் ஐந்தாண்டு வரை சிறை. அபராதமும் பிரம்படியும்கூட விதிக்கப்படலாம். படத்தில் இருப்பவர் 16 வயதுக்குக் குறைந்தவர் என்றால், அதைத் தெரிந்தே வைத்திருப்பதும் குற்றம். "நான் எடுக்கவில்லை, வந்ததைத்தான் அனுப்பினேன்" என்ற சாக்கு எடுபடாது. குழுவில் இருந்த மற்றப் பையன்களும் இதை யோசிக்க வேண்டும்.

அந்தப் பெண்ணின் நிலை? அனுப்பியது தன் தவறு என்று நினைத்து வாய் திறக்கமாட்டாள். வீட்டில் தெரிந்தால் முதலில் வரும் கேள்வி, "நீ ஏன் அனுப்பினாய்?" மிரட்டுபவன் நம்பியிருப்பது இந்தக் கேள்வியைத்தான். அந்தப் பயத்தை வைத்தே அவன் இன்னொரு படம் கேட்கிறான், பிறகு பணம் கேட்கிறான்.

கைப்பேசியைப் பறித்து, கோபத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடும் பெற்றோரும் உண்டு. அழிந்துபோவது சாட்சியம். மிரட்டல் வந்தால் எதையும் அனுப்பாமல், உரையாடலையும் அவன் வைத்துக்கொண்ட பெயரையும் அப்படியே விட்டு, கைப்பேசியோடு போலிஸ் நிலையம் செல்லலாம். படத்தை உறவினர்களுக்கு அனுப்பி யோசனை கேட்கவே கூடாது. பள்ளி ஆலோசகரிடம் முதலில் பேசினாலும் சரி. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பேசுவதற்குச் சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கத்தின் 'டிங்கள் ஃபிரெண்ட்' தொலைபேசிச் சேவை 1984 முதல் இருந்து வருகிறது. அந்த எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சம்பவம் நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை.