எந்தத் திருப்புளி?

(தொழிற்சங்க இளைஞர் வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற வகுப்பில் லேப்டாப்புக்கு ராம் கூட்டுவதைப் பற்றியும், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுவதைப் பற்றியும் பேசினோம். வகுப்பு முடிந்ததும் பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அதெல்லாம் சரி, பெட்டியைத் திறப்பது எதைக் கொண்டு?" நியாயமான கேள்வி. இன்று அதையே எடுத்துக் கொள்வோம்.

இது சில்லறை விஷயமல்ல. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு உதவியை மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. நன்றாக ஓடிக் கொண்டிருந்த எத்தனையோ இயந்திரங்களுக்குப் 'பழசு' என்ற முத்திரை விழுந்துவிட்டது. கடைக்குப் போனால் "புதுசு வாங்குங்கள்" என்கிறார்கள். புதுசு என்றால் தொழிலாளி வீட்டில் எத்தனை மாதச் சம்பளம் என்று உங்களுக்கே தெரியும். அதே பெட்டியில் ராமைக் கூட்டி, எஸ்.எஸ்.டி. மாட்டி, லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷங்கள் பிள்ளைகளின் படிப்புக்கு உழைக்கும். அப்படிப்பட்ட பெட்டியைத் தப்பான கருவியால் குத்திக் கெடுத்துவிட்டால் நஷ்டம் யாருக்கு?

நம் வீடுகளில் என்ன கருவி இருக்கிறது? டெஸ்டர்! கரண்டு இருக்கிறதா என்று பார்க்க வந்த கருவி அது. ஆனால் மிக்ஸி திறக்கவும் அதுதான், பெயிண்ட் டப்பா மூடி நெம்பவும் அதுதான். லேப்டாப் பக்கம் மட்டும் அதைக் கொண்டு வராதீர்கள். அதன் தட்டை முனை, கூட்டல் குறி போட்ட தலையில் இரண்டு பள்ளத்தை மட்டுமே பிடிக்கும். ஒரு முறை நழுவினால் தலை வழவழப்பாகிவிடும். இன்னொரு முறை நழுவினால், உள்ளே இருக்கும் பலகையில் கீறல் விழும். அந்தக் கீறல் ஒரு மயிரிழைத் தாமிரப் பாதையை அறுத்துவிட்டால் போதும், பெட்டி எழுந்திருக்காது.

நாம் 'ஸ்டார்' என்று சொல்கிற கூட்டல் தலைத் திருகாணிக்கு உண்மைப் பெயர் பிலிப்ஸ். அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1936-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். காடிலாக் மோட்டார் கார்களில் முதலில் புகுந்தது. அதன் பள்ளம் உள்ளே போகப்போகக் குறுகும். அதனால்தான் பலமாகத் திருகும்போது முனை மேலே வழுக்கிக் கொண்டு வருகிறது. ஆகவே இரண்டு காரியம் அவசியம். ஒன்று, சரியான அளவு. மற்றொன்று, திருகுவதைக் காட்டிலும் அழுத்துவதில் கவனம்.

அளவை பி.எச். என்ற எழுத்தோடு எண் போட்டுச் சொல்வார்கள். வீட்டு மேஜை, நாற்காலித் திருகாணிகளுக்கு 2 வேண்டும். லேப்டாப்பின் அடி மூடிக்குப் பெரும்பாலும் 0. சிலவற்றுக்கு 1, சிலவற்றுக்கு 00. பூஜ்யம் கூடக்கூட முனை சிறுக்கும். எண் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. முனையைத் தலையில் செங்குத்தாக வைத்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடினால் முனை சிறியது. உள்ளே இறங்காமல் மேலேயே நின்றால் பெரியது. எப்போதும் பெரிய முனையிலிருந்து ஆரம்பித்துக் கீழே வாருங்கள். சிறிய முனை 'எப்படியோ' திருகுவது போலத் தெரியும். தலையைத் தின்பதும் அதுதான்.

திருப்புளியின் பிடியும் முக்கியம். தலைப்பகுதி தனியாகச் சுழலுகிற ஜாதி கிடைக்கிறது. அந்தத் தலையை உள்ளங்கையாலோ ஆள்காட்டி விரலாலோ அழுத்திக் கொண்டு, மற்ற விரல்களால் மெல்லத் திருப்பலாம். பாட்டரியில் ஓடும் டிரில்லிங் மெஷின் வேண்டவே வேண்டாம். உலோகத்தைப் பற்றி லேத்தில் நிற்கும் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை: மட்டமான இரும்பில் செய்த முனை பத்துத் திருகாணிக்குள் மழுங்கிவிடும். 'எஸ்2' என்று பொறித்த எஃகு முனைகள் நல்லவை. நூறு முனை அடங்கிய பெட்டியைக் காட்டி மயக்குவார்கள். நமக்கு பிலிப்ஸில் மூன்று, ஆறுமுனை டார்க்ஸில் 5-ம் 8-ம் இருந்தால் பெரும்பாலான பெட்டிகளுக்குப் போதும். சங்கத்துக்கு ஒரு செட் வாங்கி வைத்தால் பத்து வீட்டுக்கு உதவும்.

ஆப்பிள் கம்பெனியின் மேக்புக் தனி ரகம். 2009-ல் அந்தக் கம்பெனி ஐந்து இதழ் கொண்ட பூப்போன்ற தலையை மேக்புக் புரோவின் பாட்டரிக்குப் போட்டது. பென்டலோப் என்று பெயர். சாதாரணக் கடைகளில் அதற்கு அப்போது திருப்புளியே கிடையாது. காசு கொடுத்து வாங்கியவன் தன் சொந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாதாம்! இன்று அந்த முனை எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் திறந்து என்ன பயன்? 2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் புரோ முதற்கொண்டு ராமைப் பலகையிலேயே பற்றவைத்துவிட்டார்கள். மறுபுறம், 2021-ல் பிரேம்வொர்க் என்ற அமெரிக்கக் கம்பெனி லேப்டாப்போடு திருப்புளியையும் சேர்த்தே கொடுத்தது. செய்ய முடியாத காரியமல்ல என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஆகவே திருப்புளி வாங்குமுன், உங்கள் மாடலில் ராம் கழற்றக் கூடியதா என்று அதன் பராமரிப்புக் கையேட்டில் பார்த்துவிடுங்கள். எந்தத் திருகாணி எங்கே என்ற படமும் பல கையேடுகளில் இருக்கும்.

திருகாணிகளைக் கழற்றிய பிறகும் மூடி வராது. ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கொக்கிகள். இங்கேதான் கத்தியைத் தேடுகிறோம். கூடாது! கிடார் வாசிக்கும் வில்லையோ, காலாவதியான ஏ.டி.எம். அட்டையோ போதும். (ரேஷன் அட்டையை எடுத்துவிடாதீர்கள்!) இடுக்கில் சொருகி ஓரமாக நகர்த்துங்கள், அட்டையை ஆழமாக விட வேண்டாம். ஒரு இடம் பிடிவாதமாக நின்றால் அங்கே திருகாணி மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் பாதத்தின் அடியில் ஒளிந்திருக்கும்.

உலோகத்தை உள்ளே விடாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் பாட்டரி. லித்தியம் பாட்டரியில் ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். வேலைக்கு முன் சார்ஜைக் கால்பங்குக்குக் கீழே இறக்கி, பெட்டியை முழுதும் அணைத்து, சார்ஜர் ஒயரைப் பிடுங்குங்கள். மூடி வந்ததும் முதல் வேலை பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. விரலாலோ பிளாஸ்டிக் துண்டாலோ. பாட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ நெம்பவோ வேண்டாம், விவரம் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

நிலைமின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. சுமார் 3,000 வோல்ட் இருந்தால்தான் நம் விரலுக்கே உறைக்கும். அதில் சிறு பங்கே சில்லைக் கெடுத்துவிடும். அதற்கென்று மணிக்கட்டுப் பட்டை விற்கிறது, விலை அதிகமில்லை. நைலான் சட்டை வேண்டாம். மர மேஜை நல்லது.

திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. குட்டையான இடத்தில் நெட்டையைப் போட்டால் மறுபக்கம் துளைத்துவிடும். இட்லித் தட்டை எடுத்து, கழற்றிய வரிசையில் ஒவ்வொரு குழியிலும் ஒன்றாகப் போடுங்கள். சில திருகாணிகள் தளர்ந்த பிறகும் மூடியோடேயே தொங்கும். அவை அப்படித்தான், பிடுங்க வேண்டாம்.

ராமை எடுக்கக் கருவியே தேவையில்லை. இரு பக்கக் கவ்விகளை விரலால் விலக்கினால் தானே நிமிரும். புதியதைச் சாய்வாகச் செருகி, கவ்வி பிடிக்கும்வரை அழுத்துங்கள். பாட்டரியை இணைத்து, மூடியைச் சும்மா வைத்து, பெட்டியைப் போட்டு, புது ராம் கணக்கில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அணைத்துவிட்டு, திருகாணிகளை முதலில் விரலால் இரண்டு சுற்று, பிறகு திருப்புளியால், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்குங்கள்.